கூட்டு எடை

பெரிய சாரின் பெல்ட்டில் ஓட்டை போட்டுத் தருவது அவருடைய மச்சினனின் பொறுப்பு. மனைவியின் தம்பி, இரண்டு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஓட்டை இலவசம். கூடவே ஒரு கிண்டலும் இலவசம். வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

முதல் ஓட்டைக்கு, "இத்தனை நாள் இந்த பெல்ட்டை நாலு பேரு சேந்து மாட்டிக்கிட்டிருந்தீங்களா மாமா?" என்றான். இரண்டாவதற்கு, "அக்கா புருஷனை மாத்திட்டாளான்னு பக்கத்துக் கடையில கேக்கறாங்க." மூன்றாவதற்கு, "அடுத்த தடவை பெல்ட் வேணாம், வாட்ச் வாரை எடுத்துட்டு வாங்க."

நான்காவது ஓட்டைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பெல்ட்டை அவர் இடுப்பில் சுற்றிப் பார்த்தான். வாலின் நுனி முதுகைத் தாண்டிப் போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பெல்ட்டைக் கழற்றிப் பலகைமேல் வைத்து, சுத்தியலைத் தூக்கி, அடிக்காமல் நின்றான்.

"மாமா, ஒழுங்கா சாப்பிடறீங்கல்ல?"

"ஒழுங்கான்னு இல்ல, அமோகமா சாப்பிடறேன். ஏன் மாப்ள?"

"சும்மாதான் கேட்டேன்."

ஒரே அடி. ஓட்டை விழுந்தது. காத்திருந்த நேரத்தில் கடையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் காலி செய்திருந்தார். இப்போது இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். மச்சினன் கொடுத்தான். அவர் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தப் பயல் சாவு வீட்டில்கூட பந்தல்காரனைக் கலாய்த்தவன். அவன் வாய் மூடியிருந்ததைப் பார்த்ததும் பெரிய சாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வயிறு என்று சொல்லிக்கொள்ள அங்கே அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய சார் என்பது பதவியல்ல, பருமன். தானியக் கிடங்கின் அனுப்புதல் பிரிவில் அவர் ஒரு சாதாரண குமாஸ்தா. புதிதாக வரும் லாரிக்காரர்கள் அறைக்குள் நுழைந்து ஒரு பார்வை பார்த்து, மேலாளரைத் தாண்டி வந்து, இவர் முன்னால்தான் கைகட்டி நிற்பார்கள். மேலாளர் ஒல்லி. "பெரிய சார் அவர்தான், ஆனா கையெழுத்து நான்தான் போடணும்" என்று அவரே சொல்லுவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பெரிய சாரும் எடையை மறைத்தவரில்லை. "நூத்தி இருபது. முழுசா ஒரு மூட்டை, அதுக்கு மேல ஒரு சின்ன மூட்டை" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அந்த ஆண்டு தொடக்கத்தில் குடிமக்களின் தொப்பை அரசின் கண்ணில் பட்டது. அதுவரை குடிமக்கள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கேன்டீனில் க்ரீம் பிஸ்கட் போய் வெள்ளரிக்காய் வந்தது. மதியம் எல்லோரும் வளாகத்தைச் சுற்றி நடக்க வேண்டும் என்றார்கள். லிஃப்டுகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கிடங்கு அலுவலகத்தில் மாடியே கிடையாது என்பதால் அங்கே அது முதல் நாளே முழுமையாக நிறைவேற்றப்பட்டது. வெள்ளரிக்காய் நன்றாகவே இருந்தது. நடப்பதும் நன்றாகவே இருந்தது. சிக்கல் எடை போடுவதில் வந்தது.

மாதாமாதம் ஒவ்வொரு ஊழியரையும் எடை போட வேண்டும் என்றது அரசு. எடை என்பது ஒருவரின் அந்தரங்கம், அதை ஊரறியச் சொல்ல விடமாட்டோம் என்றது ஊழியர் சங்கம். பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் இரு தரப்புக்கும் மானம் போகாத ஒரு முடிவு கிடைத்தது: தனித்தனியாக வேண்டாம், பிரிவு பிரிவாக மொத்தமாக எடை போடுவது. ஆறு பேரைச் சேர்த்து நிறுத்துகிற தராசு எங்கே கிடைக்கும்? கிடங்கு வாசலில் மூட்டை வண்டிகளை நிறுத்தும் இரும்பு எடைமேடை இருந்தது. ஐந்து ஐந்து கிலோவாகத்தான் பேசும். பேசினால் போதும் என்றார்கள்.

ஆக, மாதத்தின் கடைசி வேலை நாளில் அனுப்புதல் பிரிவின் ஆறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல் அந்த இரும்புத் தகட்டின்மேல் நிற்பார்கள். மேலாளர், பெரிய சார், தட்டச்சு செய்யும் அக்கா, சங்கத்தின் கிளைச் செயலாளர், டீக்குப் போனாலும் ஒன்றாகவே போகும் இரண்டு குமாஸ்தாக்கள். செயலாளரைச் 'சங்கம்' என்றும், அந்த இருவரை 'ஜோடி' என்றும் கூப்பிடுவார்கள். எடைமேடைக்காரர் ஜன்னலுக்குள்ளிருந்து மொத்தத்தைக் கத்துவார். யார் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. கைதட்டிவிட்டு இறங்குவார்கள்.

வளாகத்தில் இருந்தது இரண்டே பிரிவு: அனுப்புதல், வரவு. அரையாண்டு முடிவில் எது குறைவாக இளைத்திருக்கிறதோ அது வெளிக்கிடங்குக்கு மாற்றப்படும். வெளிக்கிடங்கு எங்கே என்றால், கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, தப்பாக வந்துவிட்டோமோ என்று தோன்றிய பிறகும் நடந்துகொண்டே இருந்தால் வரும். அரசு இதைத் தண்டனை என்று சொல்லவில்லை. நடைப்பயிற்சிக்கு வாய்ப்பு என்றது.

அனுப்புதல் பிரிவு அநேகமாக மாதாமாதம் ஐந்து ஐந்தாக இளைத்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஒவ்வொருவரும் அது தன்னால்தான் என்று நம்பினார்கள். அக்கா டீயில் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். இத்தனை குறைந்திருக்கிறதே, ஒரு கேக் துண்டு தின்றால் என்ன ஆகிவிடும் என்று தின்றார். சங்கம் இரண்டு நாள் ஓடினார். அந்த ஓட்டத்தின் பலன் இன்னும் வந்துகொண்டே இருப்பதாகக் கணக்குப் போட்டு ஐஸ்க்ரீம் சாப்பிட்டார். ஜோடி ஒருவர் மற்றவரை நம்பி இரட்டிப்பாகச் சாப்பிட்டார்கள்.

பெரிய சார் எதுவும் செய்யவில்லை. அதுதான் அவருக்குப் பயம்.

அவர் எதையும் நிறுத்தவில்லை, எதையும் குறைக்கவில்லை. பசித்துக்கொண்டே இருந்தது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். அலுவலகக் குழாயடிக்கும் கழிவறைக்குமாக அவர் நடந்த நடையைத்தான் உண்மையில் நடைப்பயிற்சி என்று சொல்ல வேண்டும். மூட்டைகளின் மேல் அச்சடித்த எழுத்து கலங்கித் தெரிந்தது. ஒருநாள் கை கழுவும்போது கல்யாண மோதிரம் விரலை விட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்து டிங் என்றது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெருகு போடக் கொடுத்திருப்பதாக வீட்டில் சொன்னார். மனைவி சரி என்றாள். எந்தக் கடையில் என்று கேட்கவில்லை. கேட்காததும் அவருக்குப் பயமாக இருந்தது.

ஆரம்பத்தில் அவளுக்கு மகிழ்ச்சிதான். "கல்யாண ஃபோட்டோல இருந்த மாதிரி ஆயிட்டீங்க" என்றாள். இப்போது அப்படிச் சொல்வதை நிறுத்தியிருந்தாள். தினமும் தட்டில் ஒரு கரண்டி கூட வைத்தாள். அவர் தினமும் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

பெரிய சாருக்கு ஓர் அண்ணன் இருந்தார். இவரைவிடப் பெரியவர், இரண்டு விதத்திலும். கதவில் பக்கவாட்டாக நுழைகிற மனிதர். கடைசி வருஷம் அவர் இளைக்க ஆரம்பித்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எப்படி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று நாலு பேரே தேவைப்படவில்லை. சவரம் செய்ய நிற்கும்போதெல்லாம் இப்போது கண்ணாடிக்குள்ளிருந்து அந்த அண்ணன்தான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

யாரிடமாவது சொல்லலாம் என்றால், சொன்னவுடன் வாழ்த்தினார்கள்.

அலுவலகத்துக்கு வந்த நலவாழ்வு முகாமில் டாக்டரிடம் போய், "டாக்டர், நான் ரொம்ப இளைச்சுட்டேன்" என்றார்.

"சூப்பர் சார்!" என்றார் அந்த இளம் டாக்டர். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

"இல்ல டாக்டர், எதுவுமே பண்ணாம இளைக்கறேன்."

"அடக்கமா பேசறீங்க. பண்ணினவங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா?"

எடுத்தார்கள். பழைய கால்சட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதன் ஒரு காலுக்குள்ளேயே அவர் முழுசாக நிற்க, இடுப்பை இழுத்துப் பிடித்துக் காட்ட, இன்னொன்றும் எடுத்தார்கள். சட்டையில் ஒரு பச்சை வில்லையைக் குத்திவிட்டார்கள். அடுத்த வாரம் ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் பெரிய சார் தன் பழைய கால்சட்டைக்குள் சிரித்துக்கொண்டு நின்றார். 'இவரால் முடிந்தது. உங்களாலும் முடியும்.'

அதைப் படித்தபோது அவருக்கு முதுகு சில்லிட்டது.

நான்காவது ஓட்டை விழுந்த மறுநாள் அவர் மேலாளரிடம் போனார். "சார், ஒரு நாள் லீவு வேணும். பெரிய ஆஸ்பத்திரில முழுசா செக் பண்ணிக்கலாம்னு."

மேலாளர் பேனாவை மூடினார். எழுந்துபோய்க் கதவையும் மூடினார்.

"என்ன உடம்புக்கு?"

"தெரியல சார். அதான் பாக்கணும்."

"தெரியாத வரைக்கும் நல்லது." குரல் இறங்கியிருந்தது. "விதி தெரியுமில்ல? வியாதினால குறைஞ்ச எடை சாதனை ஆகாது. டாக்டர் வியாதின்னு சொல்லிட்டா உங்களைக் கழிச்சுட்டு அஞ்சு பேரை மட்டும்தான் பாப்பாங்க."

"பாக்கட்டுமே சார். அஞ்சு பேரும் இளைச்சிருக்கீங்களே."

மேலாளர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். அது கொஞ்ச நாளாகவே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. "இளைச்சிருக்கோம்" என்றார், யாரோ சொல்லிக்கொடுத்ததைப்போல.

மதியத்துக்குள் பிரிவு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால்கூடத் தேவலை. ஜோடி வந்து அவருக்கு ஒரு நாற்காலி மெத்தை வைத்துவிட்டுப் போனார்கள். சங்கம் தோளில் கைபோட்டு, அங்கே எலும்பு தட்டியதும் கையை எடுத்துவிட்டு, "தோழர், இன்னும் பத்து நாள்தான். உடம்பு உங்களோடது, மறுக்கல. ஆனா எடை நம்மளோடது" என்றார்.

அக்கா மட்டும் தட்டச்சு இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் வீடு அடுத்த தெருவில். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கு மதிய இடைவேளையில் ஓடிப்போய் ஊட்டிவிட்டு வருவார். வெளிக்கிடங்கு என்றால் அந்த வாய்க்குச் சோறு போகாது. அவர் எதுவும் கேட்கவில்லை. பெரிய சார் குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லோரும் பேசியதைவிட அது கனமாக இருந்தது.

பெரிய சார் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மச்சினன் வீட்டுக்கு வந்து கத்தினான். "அவங்க இங்க இருக்கணும்னு நீங்க போய்ச் சேரணுமா?"

"அடிச்சுச் சொல்லாதடா. ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம்."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் போக மாட்டேங்கறீங்க?"

உண்மையில் மேலாளர் கதவை மூடியபோது மனசின் ஒரு மூலையில் பெரிய சாருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போகாத வரைக்கும் அது தாகம்தான். போய்விட்டால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அண்ணனுக்கு வைத்த பெயரை வீட்டில் இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில் எதையோ வைத்திருந்தாள். அவர் சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தார்.

"மெருகு போட்டாச்சு போல" என்றாள். மோதிரத்தை எடுத்துக் கணவன் விரலில் மாட்டினாள். அது சுற்றிக்கொண்டு நின்றது. ஒரு நூலை எடுத்து வந்து மோதிரத்தின் அடியில் சுற்ற ஆரம்பித்தாள். நன்றாகச் சுற்றுகிறவள்தான். அன்றைக்கு நூல் நழுவிக்கொண்டே இருந்தது.

"எடை போட்டு முடிச்ச நிமிஷம் வெளிய வாங்க மாமா" என்றான் மச்சினன், மெதுவாக. "வாசல்ல வண்டியோட நிப்பேன்."

கடைசி எடை நாளன்று எடைமேடையைக் கழுவி, ஓரத்தில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். நலத்துறையிலிருந்து ஓர் அதிகாரி, ஒரு கேமரா. வரவுப் பிரிவு முதலில் ஏறி இறங்கியது. ஆரம்பத்திலிருந்து மொத்தம் பதினைந்து கிலோ குறைவு. அடுத்து இவர்கள்.

பெரிய சாரை நடுவில் நிறுத்தினார்கள். வெயிலில் இரும்பு சுட்டது. காலையிலிருந்து அவருக்கு வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு ஏதோ படிக்கட்டு ஏறியதுபோல் வந்தது. வாசலில் மச்சினன் வண்டியின் இயந்திரத்தை ஓடவிட்டபடி நின்றிருந்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவர் நின்றார்.

"இருபது குறைவு!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அனுப்புதல் பிரிவு துள்ளிக் குதித்தது. எடைமேடையின் முள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. சங்கம் கையை உயர்த்தினார். அதிகாரி பெரிய சாரை அடையாளம் கண்டுகொண்டார். "அட, போஸ்டர் சார்! வாங்க, ரகசியத்தை மக்களுக்குச் சொல்லுங்க."

கேமரா திரும்பியது. பெரிய சார் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? கழிவறை என்பதா, குழாயடி என்பதா? கேமராக் கண்ணாடியில் சின்னதாக அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவரையும் இப்படித்தான் கேட்டார்கள். அவரும் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க" என்றார் பெரிய சார்.

"என்னது?"

"நான் மட்டும் நிக்கறேன். என்னை மட்டும் போடுங்க."

"தோழர், அது அந்தரங்கம்" என்றார் சங்கம்.

"என் அந்தரங்கம்தானே. இறங்குங்க."

அந்தக் குரலைக் கேட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அதிகாரிக்கு உற்சாகம்; தனிநபர் சாதனை என்று நினைத்துக் கேமராவை அருகில் வரச் சொன்னார். லாரி நிற்கும் இரும்பு மேடையில் பெரிய சார் தனியாக நின்றார். இத்தனை பெரிய தகட்டில் இத்தனை சின்னதாக நிற்போம் என்று அவர் நினைத்ததில்லை.

"எண்பத்தஞ்சு!" என்று கத்திய குரல் பாதியிலேயே இறங்கியது.

கிடங்கில் வேலை பார்ப்பவர்களுக்குக் கழித்தல் கணக்கு மூச்சு விடுவதுபோல. நூற்றி இருபது எல்லோருக்கும் தெரிந்த எண். அவரே தம்பட்டம் அடித்தது. முப்பத்தைந்து போயிருக்கிறது. பிரிவு மொத்தத்துக்கும் சேர்த்துப் போயிருப்பதோ இருபதுதான். ஜோடியில் ஒருவர் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் கையிலிருந்த பிஸ்கட்டைப் பையில் வைத்தார். மேலாளரின் சட்டைப் பொத்தான் கடைசியாக ஒரு தடவை முயன்றுவிட்டுத் தெறித்து இரும்பில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே வெளுத்தார்கள். பல மாதங்களாக அவர் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது அந்த ஐந்து முகங்களுக்கும் ஒரே நேரத்தில் ஏறியது. பெரிய சாருக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. ஆறுதல் என்று சொல்ல முடியாது. துணை என்று சொல்லலாம்.

"முப்பத்தஞ்சு! கைதட்டுங்க!" என்றார் அதிகாரி. தோரணம் மட்டும் சலசலத்தது.

அக்காதான் முதலில் அசைந்தார். கீழே கிடந்த பெரிய சாரின் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டார்.

"போங்க சார். இப்பவே போங்க."

"அக்கா, உங்க மாமியாரு..."

"அந்தக் கிழவி அவ்வளவு சீக்கிரம் போயிடறவளா? நான் ஏதாவது பண்ணிக்கறேன். நீங்க நிக்காதீங்க." அக்காவின் கண் நிரம்பியிருந்தது, குரல் திட்டுவதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரி வரவேற்புக் கூடத்தில், பதிவு செய்யும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. பெரிய சார் அதற்கு நேர் கீழே உட்கார வேண்டியதாயிற்று. வேறு நாற்காலி இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த பருமனான அம்மா ஒருவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், எழுந்து வந்தார்.

"நீங்கதானே அது? எனக்கும் சொல்லுங்களேன். எவ்வளவோ பண்ணிப் பாத்துட்டேன்."

பெரிய சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். நல்ல சதைப்பிடிப்பான கை. தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நடங்கம்மா. மெதுவா, தினமும். இது மாதிரி மட்டும் வேணாம்" என்றார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. புரியாமலே இரண்டடி பின்னால் போனார்.

உள்ளே இருந்த டாக்டர் வயதானவர். பெரிய சார் சொல்லச் சொல்ல நடுவில் பேசவில்லை. எவ்வளவு நாளாகத் தாகம் என்று கேட்டார். எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். விரல் நுனியில் ஊசி குத்தி, கையடக்கக் கருவியில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தார். கருவி எண் எதுவும் காட்டவில்லை. தன் அளவுக்கு மேல் போய்விட்டது என்று மட்டும் சொன்னது. டாக்டர் அதைத் தட்டிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார். அதுவும் அதையே சொன்னது.

அவர் போஸ்டரைப் பற்றிப் பேசவில்லை. வாழ்த்துச் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து, "ஒரு படுக்கை வேணும். இப்பவே" என்றார். வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா மயக்கத்துலதான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. இது சர்க்கரை. பிடிச்சுடலாம்னு நினைக்கறேன். அதுக்குப் பின்னால வேற எதாவது இருக்கான்னும் பாக்கணும்" என்றார்.

"அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தார் பெரிய சார். பிறகு, வீட்டில் யாரும் சொல்லாத அந்தப் பெயரைச் சொன்னார். மச்சினன் தரையைப் பார்த்தான். டாக்டர் தலையசைத்தார். "அதையும் பாப்போம்."

தள்ளுபடுக்கை வந்தது. ஆள் இரண்டு பேர். மச்சினன் மூன்றாவதாகப் பிடித்துக்கொண்டான். கூடத்தின் வழியாகப் போனபோது போஸ்டர் மேலே நகர்ந்து போயிற்று, சிரித்தபடி. மச்சினன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு கிண்டல் வர வேண்டும். வரவில்லை.

பெரிய சார் அவன் கையைத் தட்டினார். நூல் சுற்றிய மோதிரம் அவன் விரல்முட்டியில் இடித்தது.

"உன் அக்காவுக்கு ஃபோன் பண்ணு மாப்ள. இந்த பெல்ட்டையும் கழட்டிப் பத்திரமா வை."

"எதுக்கு மாமா?"

"பழைய ஓட்டை எல்லாம் அப்படியே இருக்கில்ல. அடைச்சுடாத."

மச்சினன் சிரிக்க முயன்றான். கதவு திறந்தது. சக்கரம் வாசற்படியில் ஒரு தடவை இடித்துக்கொண்டு உள்ளே போயிற்று.